நிலநடுக்கம் வரும் நகரத்தில் பல கண் பாலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பால வடிவமைப்பில் வேலை செய்கிறேன். தளத்தில் இருக்கும் இளம் பொறியாளர்கள், கல்லூரி மாணவர்கள், சில நேரம் மேம்பாலத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணக்குகளுக்காக ஒரு மாதிரிப் பாலத்தை வைத்துக்கொள்வோம். டில்லியில், யமுனைக்கரை மென்மண்ணில், 30 மீட்டர் கண்கள் கொண்ட மேம்பாலம் (அடுத்தடுத்த இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிதான் கண்). ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு வட்டத் தூண். உயரம் 10 மீட்டர், விட்டம் 2 மீட்டர். ஒரு தூண் தலைமேல் தாங்கும் எடை 600 டன். இது கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட பாலம். ஆனால் நம் நகரங்களில் எழும் மேம்பாலங்கள் பலவும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

1. "எவ்வளவு பெரிய நிலநடுக்கம் வந்தாலும் கீறல்கூட விழாத பாலம் கட்ட முடியாதா சார்?"

காகிதத்தில் முடியும். தூண்கள் இரண்டு மூன்று மடங்கு பருக்கும், அஸ்திவாரம் அதற்கு மேல் பருக்கும், கீழே ஓடும் சாலைக்கு இடமே மிஞ்சாது. அதனால் உலகம் முழுக்க வேறொரு உடன்பாட்டில் வேலை செய்கிறார்கள். அடிக்கடி வரக்கூடிய சிறு நடுக்கத்தில் பாலத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாது. நடுத்தர நடுக்கத்தில் சரிசெய்யக்கூடிய சேதம் வரலாம். அரிதாக வரும் பெரிய நடுக்கத்தில் பலத்த சேதம் வரலாம், ஆனால் மேல்தளம் விழக் கூடாது.

நகரத்துக்கு இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது. மருத்துவமனைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போகிற பாதையில் இருக்கும் பாலம் அன்றைக்கே ஓரளவாவது பயன்பட வேண்டும். 1995 ஜனவரி 17 அன்று கோபேயில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். தீ பரவிய அந்தக் காலையில் நகரின் முக்கிய உயர்மட்டச் சாலையே கவிழ்ந்து கிடந்தது. எந்தப் பாலத்தை முக்கியப் பாலம் என்று வகைப்படுத்துவது என்ற முடிவை எடுக்கும் அதிகாரிகள் இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

2. "டில்லி, குவாஹாட்டின்னா சரி. சென்னைக்கெல்லாம் இது தேவையா?"

தேவை, அளவுதான் வேறு. நிலநடுக்கத்துக்கான இந்திய விதித்தொகுப்பான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு நாட்டை 2 முதல் 5 வரை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. மண்டலக் காரணிகள், அதாவது நடுக்கத்தின் கடுமையைக் காட்டும் எண்கள், முறையே 0.10, 0.16, 0.24, 0.36. அந்தப் பதிப்பில் குவாஹாட்டி 5-இலும் டில்லி 4-இலும் இருக்கின்றன. சென்னை 2002 திருத்தத்திலிருந்து 3-ஆம் மண்டலம். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த நடுக்கத்தைச் சென்னைவாசிகள் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

3. "பாலத்து மேல எவ்வளவு விசை வரும்? ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன்."

மாதிரிப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் அலைவு நேரம், அதாவது பாலம் ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம். தூணின் விறைப்பையும் தலைமேல் உள்ள 600 டன்னையும் வைத்து, கான்கிரீட் விரிசல் விட்ட நிலையைக் கணக்கில் எடுத்தால் ஏறத்தாழ 0.65 நொடி வருகிறது. மென்மண்ணுக்கான விதித்தொகுப்பு வரைபடத்தில் 0.67 நொடி வரை பெருக்கம் (தரையின் ஆட்டத்தைப் பாலம் எத்தனை மடங்காக்கும் என்பது) 2.5. அதாவது நம் பாலம் அதிகபட்ச விசை வாங்கும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

டில்லிக்கு மண்டலக் காரணி 0.24. விதிப்படி அதில் பாதி 0.12. அதை 2.5 ஆல் பெருக்கி, முக்கியப் பாலத்துக்கான 1.2 ஆலும் பெருக்கினால் 0.36. எடையில் 36 சதவீதம், அதாவது 216 டன், தூணின் தலையைப் பக்கவாட்டில் தள்ளும். ஆனால் நாம் 216 டன்னுக்குத் தூணை வடிவமைப்பதில்லை. வளைந்து கொடுக்கும்படி கம்பி கட்டிய ஒற்றைத் தூணுக்கு அதை 3 ஆல் வகுத்து 72 டன் என்று எடுக்கிறோம். தூண் 10 மீட்டர் உயரம் என்பதால் அதன் அடியில் 720 டன்-மீட்டர் வளைவுத் திருப்பம் (அடியை வளைக்கப் பார்க்கும் விளைவு). அடுத்த கேள்வி எல்லோரும் கேட்பது.

4. "216 டன் வரும்னு தெரிஞ்சும் 72-க்கு டிசைன் பண்றது ஏமாத்து வேலை இல்லையா?"

கம்பி கட்டும் வேலை ஒழுங்காக நடக்காவிட்டால் ஏமாற்று வேலைதான். ஒழுங்காக நடந்தால் இல்லை. சாக்பீஸை லேசாக வளைத்தாலே படக்கென்று ஒடியும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் பல தடவை வளைக்கலாம். ஒவ்வொரு வளைப்பிலும் அது நம் கைச்சக்தியைத் தின்கிறது. தூணையும் அப்படித் தின்ன வைக்கிறோம். விசை 72 டன்னைத் தாண்டியதும் அடியில் உள்ள கம்பிகள் இழுபடத் தொடங்கும். அதன் பிறகு விசை பெரிதாக ஏறாது, அசைவுதான் கூடும். நடுக்கத்தின் சக்தி அந்த இழுபடுதலில் கரைகிறது.

கோபேயின் ஹான்ஷின் உயர்மட்டச் சாலையில் ஃபுகாயே பகுதியில் 635 மீட்டர் நீளத்துக்குப் பாலம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. அங்கேயும் ஒற்றைத் தூண்கள்தான், 1960-களின் விதிப்படி கட்டியவை. நீளக் கம்பிகளில் ஒரு பகுதியைத் தூணின் நடுவழியிலேயே நிறுத்தியிருந்தார்கள். நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் இடைவெளி அதிகமாக, மெல்லியதாக இருந்தன. தூண் அடியில் வளைந்து கொடுப்பதற்கு முன்பே கம்பி நின்ற இடத்தில் ஷியரில் (குறுக்கே வெட்டும் விசையில்) ஒடிந்தது. வளைந்து கொடுக்க முடியாத தூணுக்கு மூன்றால் வகுக்கும் உரிமை கிடையாது. என்னிடம் வேலை பழகும் ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

5. "அப்போ தூணுக்குள்ள கம்பி எப்படி இருக்கணும்? தளத்துல நான் எதைப் பார்க்கணும்?"

நம் மாதிரித் தூணில் அடியிலிருந்து குறைந்தது 2 மீட்டர் உயரம்தான் போர்க்களம். அங்கே ரிங்குகள் நெருக்கமாக வர வேண்டும், 100 மி.மீ. அளவு இடைவெளியைத்தான் பெரும்பாலான வரைபடங்களில் பார்ப்பீர்கள். ரிங்கின் முனைக் கொக்கி 135 பாகையில் வளைந்து உள் கான்கிரீட்டுக்குள் பாய வேண்டும். 90 பாகையில் விட்டால், மேல்பூச்சு கான்கிரீட் உதிர்ந்த நொடியில் கொக்கி திறந்துகொள்ளும். ரிங் இருந்தும் இல்லாத கதை.

நீளக் கம்பிகளின் லாப், அதாவது இரண்டு கம்பிகளின் முனைகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கட்டும் இணைப்பு, இந்த 2 மீட்டருக்குள் வரவே கூடாது. தளத்தில் அதிகம் மீறப்படுவது இதுதான், காரணமும் புரிகிறது. பைல் கேப்புக்கு (மண்ணுக்குள் இறக்கிய பைல் என்னும் அஸ்திவாரத் தூண்களின் தலைகளை இணைக்கும் கான்கிரீட் திட்டு) மேல் நீண்ட கம்பிகளை நிறுத்திப் பிடிப்பது கஷ்டம், அதனால் குட்டையாக விட்டு அப்புறம் லாப் போடலாம் என்று தோன்றும். சாரம் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது ஒப்புதல் பெற்ற கப்ளரை (கம்பிகளை முனைக்கு முனை இணைக்கும் உறை) மேலே தள்ளிப் போடுங்கள். அடியில் லாப் வேண்டாம்.

கம்பியின் தரமும் முக்கியம். 500 என்ற எண்ணோடு 'டி' எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எழுத்து, அறுபடுவதற்கு முன் கம்பி கூடுதலாக நீளும் என்பதற்கான உறுதி. இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும்: தேவைக்கு மேல் நீளக் கம்பி போடுவதும் தவறு. ஏன் என்பது அடுத்த பதிலில்.

6. "தூண்தான் அடி வாங்கணும்னு ஏன் சொல்றீங்க? பைல் வாங்கினா என்ன?"

பைல் மண்ணுக்குள் 30 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அது ஒடிந்ததா இல்லையா என்று பார்க்கவே முடியாது, சரிசெய்வது அதற்குப் பிறகு. தூணின் அடி கண் முன்னே இருக்கிறது. உதிர்ந்த கான்கிரீட்டைத் தட்டிவிட்டு, புதிதாக வார்த்து, எஃகுத் தகடு சுற்றலாம். அதனால் அடிபட வேண்டிய இடத்தை நாமே தேர்ந்தெடுத்து, மற்ற எல்லாவற்றையும் அதைவிட வலுவாக வைக்கிறோம். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பார்க்கும் டாம் பாலேயும் வளர்த்தெடுத்த வழி இது. இன்று இந்தியச் சாலைப் பாலங்களுக்கான ஐ.ஆர்.சி. எஸ்.பி. 114 கையேடும் (2018) இதைத்தான் கேட்கிறது.

இங்கேதான் கூடுதல் கம்பிப் பிரச்சினை வருகிறது. 720 டன்-மீட்டர் போதும் என்ற இடத்தில் 'சேஃப்டிக்கு' என்று கம்பியைக் கூட்டினால் தூண் 1,100 வரை தாங்கும் என்று வையுங்கள். அந்த 1,100-ஐயும் பைல் கேப்பும் பைலும் வாங்கியாக வேண்டும். அவற்றை 720-க்கு வடிவமைத்திருந்தால் சேதம் மண்ணுக்கு அடியில் போய்விடும். ஆகவே பைலுக்கும் பியர் கேப்புக்கும் (தூண் தலையில் மேல்தளத்தைத் தாங்கும் விட்டம்) தூணின் ஷியருக்கும், கணக்கில் வந்த விசையை விட்டுவிட்டு, தூண் உண்மையில் எவ்வளவு தாங்குமோ அதற்கும் சற்றே மேலான விசையை எடுக்க வேண்டும். தளத்தில் கம்பி விட்டத்தை மாற்றும் முன் வடிவமைப்பாளரைக் கேளுங்கள் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

7. "நடுக்கம் வர்ற நேரம் டிராஃபிக் ஜாம் ஆகி பாலம் முழுக்க வண்டி நின்னா?"

நகரத்தில் இது நியாயமான பயம். விதித்தொகுப்பு வாகன எடையில் 20 சதவீதத்தை மட்டும், அதுவும் குறுக்குத் திசைக்கு மட்டும் சேர்க்கிறது. நீளவாக்கில் சக்கரம் உருளும் என்பதால் அந்தத் திசையில் சேர்ப்பதில்லை. 600 டன் மேல்தளத்தோடு பார்த்தால் வண்டிகளின் எடை பெரிய பங்கு இல்லை.

8. "தூண் எல்லாம் நல்லா நின்னும் மேல்தளம் மட்டும் விழுமா?"

விழும், விழுந்திருக்கிறது. பல கண் பாலத்தின் தனிப் பலவீனமே இதுதான்: ஒவ்வொரு தூணும் தன் போக்கில் ஆடும், பக்கத்துத் தூண் இன்னொரு பக்கம் போகும், நடுவில் உட்கார்ந்திருக்கும் கர்டர் (தளத்தைச் சுமக்கும் நீள விட்டம்) தாங்குமிடத்தை விட்டு நழுவும். 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவின் லோமா பிரீட்டா நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ - ஓக்லாந்து பாலத்தின் 15 மீட்டர் மேல்தளத் துண்டு இப்படித்தான் கீழ்த்தளத்தின் மேல் விழுந்தது. போல்ட்டுகள் அறுந்த பிறகு உட்கார இடம் போதவில்லை.

மாதிரிப் பாலத்தில் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 216 டன் தள்ளினால் தூண் தலை ஏறத்தாழ 4 செ.மீ. நகரும். இதில் கவனம் வேண்டும். விசையை மூன்றால் வகுத்தோம், அசைவை வகுக்கக் கூடாது. கணினி 72 டன்னுக்கு 13 மி.மீ. என்று காட்டும், அதை அப்படியே எழுதிவிடுபவர்கள் உண்டு. உண்மை அசைவு அதைப்போல் மூன்று மடங்கு. கணக்கில் எடுத்ததைப் போல் இரு மடங்கு நடுக்கம் வந்தால் 8 செ.மீ. அளவுக்குப் போகும்.

ஆனால் 4, 5 மண்டலங்களுக்கு விதி கேட்கும் இருக்கை நீளம், அதாவது கர்டர் முனை உட்காரும் இடத்தின் நீளம், மில்லிமீட்டரில்: 305, அதோடு கண் நீளத்தின் (மீட்டரில்) 2.5 மடங்கு, அதோடு தூண் உயரத்தின் 10 மடங்கு. நமக்கு 305 + 75 + 100 = 480 மி.மீ. எட்டு செ.மீ. அசைவுக்கு எதற்கு 48 செ.மீ. என்று மாணவர்கள் கேட்பார்கள். அஸ்திவாரம் சாய்வது, மண் நகர்வது, இரண்டு தூண்களுக்கு நடுக்கம் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வது, இவை எதுவும் அந்த 8 செ.மீ.யில் இல்லை. பியர் கேப்பில் கூடுதலாக 20 செ.மீ. கான்கிரீட் போடுவதைவிட மலிவான காப்பீடு பால வேலையில் வேறெதுவும் இல்லை என்பது என் கருத்து.

குறுக்குத் திசைக்கு ஷியர் கீ எனப்படும் கான்கிரீட் தடுப்புகளும் கர்டர்களை ஒன்றாகக் கட்டும் முனைக் குறுக்கு விட்டங்களும் வேண்டும். 2010 பிப்ரவரி 27 அன்று சிலியில் 8.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது சாண்டியாகோ நகரின் அமெரிக்கோ வெஸ்பூசியோ வட்டச்சாலையில் புதிய மேம்பாலங்கள் விழுந்தன. அவற்றில் முனைக் குறுக்கு விட்டங்களைத் தவிர்த்திருந்தார்கள். அவை இருந்த பழைய பாலங்கள் அதே நடுக்கத்தைத் தாங்கி நின்றன. செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்த எதை வெட்டலாம் என்று யோசிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

9. "தனித்தனி கண்ணா விடறதா, தொடர்ச்சியா விடறதா, எது நல்லது?"

நடுக்கத்தை மட்டும் பார்த்தால் தொடர்ச்சி நல்லது. மூட்டுகள் குறையும், நழுவி விழும் இடங்களும் குறையும். நகரத்தில் தனித்தனிக் கண்களையே அதிகம் போடுவது வேகத்துக்காக. முன்வார்ப்புக் கர்டர்களை ராத்திரியில் தூக்கி வைத்துவிட்டுப் போகலாம். அப்படிச் செய்தாலும் மூன்று நான்கு கண்களின் மேல்தளத்தை மட்டும் ஒன்றாக வார்த்து இணைக்கலாம். சிறிய பாலங்களுக்கு பேரிங்கே (தூணுக்கும் மேல்தளத்துக்கும் இடையில் வைக்கும் தாங்கி) இல்லாமல் தூணையும் தளத்தையும் ஒன்றாக வார்ப்பது இன்னும் நல்லது.

10. "ரேம்ப்ல தூண் உயரம் குறைஞ்சுக்கிட்டே வரும். அதுல என்ன பிரச்சினை?"

தூணின் விறைப்பு உயரத்தின் முப்படிக்குத் தலைகீழ். 10 மீட்டர்த் தூணும் 5 மீட்டர்த் தூணும் ஒரே விட்டத்தில் இருந்தால், குட்டைத் தூண் எட்டு மடங்கு விறைப்பு. தொடர்ச்சியான தளம் என்றால் விசையை எல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும், முதலில் அதுவே ஷியரில் போகும். 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே உள்ள நெடுஞ்சாலைச் சந்திப்பின் ரேம்ப்பில் நடந்தது இதுதான். 1971 நிலநடுக்கத்திலும் அதே சந்திப்பு சேதமடைந்திருந்தது.

வழிகள் உண்டு. குட்டைத் தூண்களின் மேல் நகரும் பேரிங் வைக்கலாம். தூணைச் சுற்றி வெற்றுக் குழி விட்டு, கண்ணுக்குத் தெரியும் உயரத்தைவிட உண்மை உயரத்தைக் கூட்டலாம். எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்தால் வேலை சுலபம் என்று எல்லாத் தூணுக்கும் ஒரே விட்டம், ஒரே கம்பி என்று போவதுதான் ஆபத்து.

11. "ரோட்டு நடுவுல ஒத்தைத் தூணுக்குத்தான் இடம் இருக்கு. இரட்டைத் தூண் இல்லாட்டி ஆபத்தா?"

ஒற்றைத் தூணில் எடை இறங்க வேறு வழி இல்லை, அடி போனால் பாலமே போச்சு. ஆனால் எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது. ஓக்லாந்தில் சைப்ரஸ் இரட்டை அடுக்குப் பாலத்தில் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தூண்கள் இருந்தன. மேல் தூணும் கீழ்ச் சட்டமும் சேரும் இடத்தில் போதிய கம்பி இல்லை. அதே 1989 லோமா பிரீட்டா நடுக்கத்தில் மேல் அடுக்கு கீழ் அடுக்கின் மேல் விழுந்து 42 பேர் இறந்தார்கள். 4, 5-ஆம் பதில்களில் சொன்னபடி கம்பி கட்டிய ஒற்றைத் தூண், கவனமில்லாத இரட்டைத் தூணைவிட எவ்வளவோ மேல். தூணை ஓரமாகத் தள்ளி, பியர் கேப்பை ஒரு பக்கம் நீட்டும் வடிவம் மட்டும் முடிந்தவரை வேண்டாம். எடையே அதை எப்போதும் ஒரு பக்கம் சாய்க்கும்.

12. "ஆத்து மணல்ல பைல் போடறோம். ஆழமா போட்டா போதும்தானே?"

ஆழம் மட்டும் போதாது. நீர் நிறைந்த தளர்ந்த மணல் குலுங்கும்போது, மணிகளுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம் ஏறி, மண் சிறிது நேரம் கூழாகிவிடும். பைலைப் பக்கவாட்டில் பிடித்திருந்த மண் இல்லாமல் போகும். சரிவான கரையானால் மண்ணே ஆற்றை நோக்கி நகர்ந்து பைலைத் தள்ளும். 1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டாவில் ஷோவா பாலத்தின் கண்கள் இப்படித்தான் ஆற்றில் விழுந்தன. பாலம் கட்டி முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது.

மேல் 20 மீட்டருக்கு எஸ்.பி.டி. எண் (துளையிட்டு மண்ணின் கெட்டியைப் பார்க்கும் சோதனையில் வரும் எண்), நுண்மண் சதவீதம், நீர்மட்டம் மூன்றையும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். கூழாகும் அடுக்குக்கு பைல் கணக்கில் பக்கப் பிடிப்பே கொடுக்கக் கூடாது. நீர்மட்டம் கோடையில் அளந்ததாக இருந்தால் மழைக்கால அளவைக் கேட்டு வாங்குங்கள். யமுனைக் கரைக்கும் பிரம்மபுத்திராக் கரைக்கும் இது ரொம்ப முக்கியம்.

13. "ஈயம் வெச்ச ரப்பர் பேரிங் போட்டுட்டா இவ்வளவு கவலையே வேண்டாமே?"

நல்ல வழிதான், எல்லா இடத்துக்கும் அல்ல. அந்த பேரிங் பாலத்தின் அலைவு நேரத்தை 0.65 நொடியிலிருந்து 2 நொடிக்கு அருகே நீட்டுகிறது, விசை குறைகிறது. கெட்டியான தரைக்கு இது அருமை. மெக்சிகோ நகரம் பழைய ஏரிப் படுகை. 1985 நிலநடுக்கத்தில் அதன் களிமண் 2 நொடியை ஒட்டிய அலைவில்தான் பயங்கரமாக ஆடியது. அங்கே அலைவு நேரத்தை நீட்டுவது ஆபத்தை நோக்கி நாமே நடப்பது. மண்ணின் அலைவு நேரத்தை அளக்காமல் பேரிங் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அசைவும் கூடும். எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டும் (தளத் துண்டுகளுக்கு இடையே விடும் மூட்டு) இருக்கை நீளமும் அதற்கேற்ப வேண்டும். துருக்கியின் போலு பாலம் நவீன பேரிங்குகளோடு கட்டி முடியும் நிலையில் இருந்தது. 1999 நவம்பரில் டூஜே நிலநடுக்கத்தில் நிலப்பிளவே பாலத்துக்கு அடியில் குறுக்கே ஓட, அசைவு பேரிங்குகளின் எல்லையைத் தாண்டியது. பலத்த சேதம், ஆனால் பாலம் விழவில்லை. பிளவைக் கடக்கும் பாதையை முதலிலேயே மாற்றப் பாருங்கள்.

14. "சாஃப்ட்வேர்ல எல்லாம் பாஸ் ஆயிடுச்சு சார். இன்னும் என்ன பார்க்கணும்?"

மூன்று கேள்வி கேளுங்கள். தூணுக்கு விரிசல் விட்ட விறைப்பைக் கொடுத்தீர்களா? முழு விறைப்பைக் கொடுத்தால் அசைவு குறைத்துக் காட்டும். அஸ்திவாரத்தை அசையாத அடியாக வைத்தீர்களா, மண்ணுக்கு ஸ்பிரிங் வைத்தீர்களா? ஒரு தூணையாவது 3-ஆம் பதிலில் உள்ளது போலக் கையால் கணக்கிட்டு அலைவு நேரத்தை ஒப்பிட்டீர்களா? கையில் 0.65 வந்து கணினியில் 0.3 வந்தால் எங்கோ ஒரு அலகு தவறு இருக்கிறது.

15. "ஏற்கெனவே கட்டின பழைய பாலங்களை என்ன செய்யறது?"

எல்லாவற்றையும் இடிக்கத் தேவையில்லை. முதலில் மேல்தளம் விழாமல் செய்ய வேண்டும். பியர் கேப்பை நீட்டுவது, கர்டர்களைக் கம்பிவடத்தால் ஒன்றோடொன்று கட்டுவது, ஷியர் கீ சேர்ப்பது, இவை போக்குவரத்தை நிறுத்தாமலே செய்யக்கூடியவை. அடுத்தது தூணைச் சுற்றி எஃகு உறை. கலிபோர்னியா 1971-க்குப் பிறகு கம்பிவடத்தையும் 1989-க்குப் பிறகு உறைகளையும் பெருமளவில் போட்டது. 1994-இல் விழுந்தவை பெரும்பாலும் முறை வராமல் காத்திருந்த பாலங்கள். நம் நகரங்களில் பாலங்களின் பட்டியலை வரிசைப்படுத்தும் வேலையே இன்னும் வேகமாக நடக்க வேண்டும்.

16. "நடுக்கம் நின்ன அரை மணி நேரத்துல ஆம்புலன்ஸ் போகலாமான்னு கேட்டா என்ன பதில் சொல்றது?"

முதலில் மேலே ஏறாமல் பக்கத்திலிருந்து கைப்பிடிச் சுவரின் கோட்டைப் பாருங்கள். எங்காவது வெட்டுப்பட்டாற்போல் நகர்ந்திருந்தால் தளம் இருக்கையில் நழுவியிருக்கிறது, மூடிவிடுங்கள். அப்புறம் தூண்கள். அடியில் மேல்பூச்சு மட்டும் உதிர்ந்து ரிங்குகள் அறுபடாமல் இருந்தால், அது நாம் எதிர்பார்த்த சேதம். பொறுப்புள்ள பொறியாளர் பார்த்த பிறகு இலகு வாகனங்களை ஒவ்வொன்றாக, மெதுவாக விடலாம். சாய்வாக, குறுக்கும் நெடுக்குமாக விரிசல் இருந்தால் அது ஷியர். மூடிவிட்டு, கீழே உள்ள சாலையையும் தடுக்க வேண்டும். பின்நடுக்கங்கள் வரும்.

பாலம் பிழைத்தும் வண்டி ஏற முடியாமல் போகும் இடம் ஒன்று உண்டு. பாலத்தை ஒட்டிய மண்மேடு உட்கார்ந்து, சாலைக்கும் தளத்துக்கும் இடையே படி விழுந்துவிடும். அணுகு பலகையை (சாலையையும் தளத்தையும் இணைக்கும் கான்கிரீட் பலகை) நீளமாகப் போட்டால் அந்தப் படி சரிவாக மாறும், ஆம்புலன்ஸ் ஏறிவிடும். பேரிங்கைப் பார்க்க ஆள் நுழையும் இடைவெளியும் ஏணிக்கான கொக்கியும் வடிவமைப்பு வரைபடத்திலேயே இருக்க வேண்டும். நடுக்கத்துக்குப் பிறகு கிரேன் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.